கடையில் கிடைக்காததா?

எங்கள் புதுச்சேரியில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் உளியையோ இழைப்புளியையோ கையில் எடுத்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "இது கடையில் கிடைக்காததா?" என்பது முதல் கேள்வி. "இதனால் எவ்வளவு மிச்சம்?" என்பது இரண்டாவது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். நம் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும்தான் நம் வயதுக்காரர்களை நாற்காலியோடு கட்டிப் போட்டிருக்கின்றன என்பது என் கருத்து. மூன்று ஆண்டுகளாக இவற்றுக்குப் பதில் சொல்லி வருபவன் என்ற முறையில், பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும். மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்ய வேண்டும். தொடங்கியதை முடிக்கவும் வேண்டும்.

நான் செய்தது ஒரு மின்சார கிட்டார். எழுபத்தொன்றாம் வயதில் தொடங்கி, சென்ற மாசி மாதம், எழுபத்து நான்காம் வயதில் முடித்தேன். உடல் பண்ருட்டிப் பலா. கழுத்து, இடிக்கப்பட்ட பழைய வீடு ஒன்றின் சன்னல் நிலையிலிருந்து எடுத்த தேக்கு. மெட்டுகள் பதித்த பலகை, உடைந்து போன ஈட்டிக் கட்டிலின் பக்கச் சட்டம். காந்தச் சுருள்கள், முறுக்கும் சாவிகள், கம்பிகள் போன்றவற்றை மட்டும் விலை கொடுத்து வாங்கினேன். "முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் கோப்பு எழுதியவருக்கு இது என்ன வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. கோப்பு எழுதியவனுக்கு இது மிகவும் பொருத்தமான வேலை என்பேன். ஏன் என்று பின்னால் வருகிறது.

முதலில், மின்சார கிட்டார் என்றதும் அது ஏதோ பெரிய தொழிற்சாலைச் சமாச்சாரம் என்று மிரள வேண்டாம். செய்வதற்கு வீணையைவிட எளிய கருவி அது. வீணைக்குக் குடம் குடைய வேண்டும். குடத்தின் சுவர் எவ்வளவு கனம் என்பதில்தான் நாதம் இருக்கிறது. மின்சார கிட்டாரின் உடலோ கெட்டிப் பலகை. எஃகுக் கம்பி அதிரும்போது, அதன் கீழே காந்தத்தைச் சுற்றியுள்ள தாமிரக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதிதான் இது. தலைமுடி அளவுக்கு மெல்லிய கம்பியில் ஏழெட்டாயிரம் சுற்று. அவ்வளவுதான் ரகசியம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரியை நேரில் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அவர் மடியில் வைத்து நம்மை உருக வைத்ததும் மின்சார மாண்டலின்தான்.

இதில் மூளைக்கு வேலை என்றால் மெட்டுகளுக்கு இடம் குறிப்பதுதான். வீணையின் 24 மெட்டுகளை மெழுகில் பதிப்பார்கள். காது சொன்னபடி சற்று நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ரம்பத்தால் அறுத்துப் பதித்தது பதித்ததுதான். நான் எடுத்துக்கொண்ட கம்பி நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 324-இல் விழ வேண்டும். நடுவில் உள்ள பன்னிரண்டு படிகளும் ஒரே விகிதத்தில் இறங்க வேண்டும். அந்த விகிதம் 2-இன் பன்னிரண்டாம் மூலம்.

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் 'புவார் எ ரத்தினே' லாகரிதம் அட்டவணையை மறந்திருக்க மாட்டார்கள். ரத்தினம் என்று நம்மூர்க்காரர் யாரோ போட்ட புத்தகம் என்று சிறு வயதில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2-இன் லாகரிதம் 0.30103. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.02509. அதற்குரிய எண் 1.0595. இதை வைத்துக்கொண்டால் முதல் மெட்டு தலைப்பக்கக் கட்டையிலிருந்து 36.37 மில்லிமீட்டர் தள்ளி வரும். பழைய காலத்து வாத்தியக்காரர்கள் மீதி நீளத்தைப் பதினெட்டால் வகுத்துக்கொண்டே போவார்கள். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி லூட் வாத்தியத்துக்குச் சொன்ன கணக்கு அது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் என் நீளத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டால் பன்னிரண்டாம் மெட்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று போட்டால் எல்லாம் நேராகிவிடும். கம்பியின் நீளம், இழுவிசை, கனம் ஆகியவற்றுக்கும் சுருதிக்கும் உள்ள உறவை 1636-இல் விரிவாக எழுதி வைத்தவர் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. பள்ளிக்கூடத்தில் பெயரளவில் படித்த மனிதர் எழுபது வயதுக்கு மேல் எனக்கு உதவிக்கு வந்தார்.

இப்போது குமாஸ்தா விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் அதிகம் பேர் வாசிக்கும் மின்சார கிட்டார்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர் யார் தெரியுமா? கணக்கெழுதியவர். கலிபோர்னியா அரசின் நெடுஞ்சாலைத் துறையில் கணக்கராக இருந்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போயிற்று. கடன் வாங்கி 1938-இல் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர், கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. 1950-லும் 1954-லும் அவர் வெளியிட்ட இரண்டு மாதிரிகளின் வடிவத்தைத்தான் இன்றும் கடை கடையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கணக்கெழுதும் கைக்கு இருக்கும் குணம் ஒன்று உண்டு. கூட்டல் சரியாக வராத வரை அது தாளை விட்டு எழுந்திருக்காது. மரவேலைக்கு வேண்டிய குணமும் அதுவே.

இன்னொருவர் பிரையன் மே. 'குயீன்' என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கிட்டார்க்காரர். (அந்தக் குழுவில் பாடிய ஃப்ரெடி மெர்குரி நம் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்புப் படித்த பார்சிப் பையன்.) பதினாறு வயதில் அவருக்குக் கிட்டார் வாங்க வீட்டில் வசதியில்லை. அவர் அப்பா அரசுத் துறை ஒன்றில் வரைபடம் போடும் உத்தியோகஸ்தர். அப்பாவும் மகனுமாக 1963-இல் தொடங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டம். உடலுக்குப் பழைய மேசையின் ஓக் மரம். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். மெட்டுப் பலகையில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு எட்டுப் பவுண்டு என்று சொல்வார்கள். அந்த மனிதர் உலகப் புகழ் பெற்று, என்ன விலை கொடுத்தும் வாங்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகும் அதே கிட்டாரைத்தான் கையில் எடுத்தார். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று வாசித்ததும் அதைத்தான்.

இவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. 1970-களில் வானியலில் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் பாட்டுக்குப் போனவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து, 2007-இல், அறுபது வயதில், அதை முடித்துப் பட்டம் வாங்கினார். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. பட்டத்தை வைத்து உத்தியோகம் பார்க்கப் போவதும் இல்லை. நிலுவையில் இருந்த கோப்பு; முடித்தார்.

நம்மூரில் ஏன் இப்படி நடப்பதில்லை? காரணம் நம் கைகளில் இல்லை, நாம் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கேட்ட வார்த்தை, "கையில் அழுக்குப் படாத உத்தியோகம்." பிரெவே பரீட்சை தேறினால் எழுத்து வேலை, தேறாவிட்டால் பட்டறை. அதாவது உளி என்பது தண்டனை. ஃபிரான்சில் இருந்து வரும் உறவினர்கள் 'சல்யு லே கொப்பேன்' பத்திரிகையையும் ஜோனி அலிதேயின் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்த காலத்தில், மின்சார கிட்டார் மேல் ஆசைப்படாத பையனே எங்கள் வகுப்பில் கிடையாது. ஆனால் "நாமே செய்யலாமா?" என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. கேட்கும் பழக்கமே எங்களுக்கு ஊட்டப்படவில்லை. ஹ்யூகோவின் கவிதையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. அதில் வெட்கமும் கிடையாது. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். காலை காப்பி முடிந்ததும் நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு பின்கட்டில் இறங்கிவிடுவார். கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், கோழிக்கூண்டு, ரேடியோ, எல்லாம் தன் கையால்தான். 'பிரிக்கோலாழ்' என்று அதற்குப் பெயர் சொல்வார். அந்தச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. 'தச்சு வேலை' என்றால் தொழில், 'பொழுதுபோக்கு' என்றால் விளையாட்டு. இரண்டுக்கும் நடுவே, தன் வீட்டுக் காரியத்தைத் தானே கையால் செய்துகொள்ளும் கௌரவம் ஒன்று இருக்கிறது. நாம் அதற்குச் சொல் வைக்கவில்லை. தெருவில் என்ன பேசினார்கள்? "பிராங்கில் பென்ஷன் வருது, ஆளை வச்சுச் செய்யக் கூடாதா? கஞ்சன்!" அவர் எண்பத்தாறு வயது வரை தன் காலில் நடந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி, முடிப்பது பற்றி. இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

தொடங்குவது எல்லோருக்கும் பிடிக்கும். பலகையில் பென்சிலால் வடிவம் வரைந்து, ரம்பம் போட்டு, அது கிட்டார் போலத் தோன்ற ஆரம்பிக்கும் வரை உற்சாகம் தானாக வரும். பார்க்க வருபவர்களும் "பரவாயில்லையே!" என்பார்கள். அந்தப் பாராட்டு ஓர் ஆபத்து. பாராட்டை வாங்கியாயிற்று, வேலை மட்டும் பாக்கி என்ற நிலையில் பொருள் பரணுக்குப் போய்விடும். மீதி இருக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. மெட்டுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்து, உயர்ந்து நிற்பதை அரத்தால் தேய்த்து, தேய்ந்த தலையை மறுபடி உருட்ட வேண்டும். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 45 கிலோ அளவுக்கு இழுக்கும். அதற்கு ஈடு கொடுக்க உள்ளே வைத்த இரும்புக் கம்பியைக் கால் திருகு, அரைத் திருகாகச் சரி செய்ய வேண்டும். பாலத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து மின்சுற்றின் தரைமுனையோடு பற்ற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டுக்குக் கீழே 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும். இவற்றில் எதையும் வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. கட்டடக்காரர்கள் 'பினிஷிங்' என்று ஏன் தனியாகக் கூலி பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மெருகு. நான் அரக்கு மெருகுதான் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஃபெண்டர் கார்களுக்கு அடிக்கும் பெயிண்டை அடித்தார். அதற்குக் காற்றழுத்த இயந்திரம் வேண்டும், நெடி வேறு. அரக்குக்கு ஒரு பழைய வேட்டித் துண்டும் பஞ்சும் போதும். 'அவலரக்கு' என்று பழைய கடைக்காரர்களுக்குத் தெரியும். அவல் போல மெல்லிய செதிலாக இருக்கும். பாலிஷ் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, கரைந்ததும் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து, கரைசலைத் தொட்டு, மரத்தின் மேல் நிற்காமல் ஓட்ட வேண்டும். துணி ஒட்டாமல் வழுக்க ஒரு சொட்டு எண்ணெய். நம் ஆசாரிகள் இதைப் 'பிரெஞ்சு பாலிஷ்' என்கிறார்கள். பிரான்சில் இதன் பெயரில் பிரெஞ்சு என்ற சொல்லே கிடையாது. 'வெர்னி ஒ தாம்ப்போன்', அதாவது பொட்டல மெருகு என்பார்கள். சரக்கோ நம்முடையது. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளைகளில் பூச்சி கட்டும் அரக்கு. பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையிலிருந்து நம் தாத்தா காலத்து 78 சுற்று இசைத்தட்டு வரைக்கும் வந்த அதே அரக்கு. பாகவதர் குரலைச் சுமந்த பொருள் இன்று என் பலா மரத்தின் மேல் மினுங்குகிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

வில்லியனூர்ப் பக்கத்து ஆசாரி ஒருவர்தான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பழைய பழக்கத்தில் என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை பூச்சு கொடுக்கலாம்?" என்று கேட்டேன். "எத்தனைன்னு கேக்காதீங்க முசியே. எப்ப நிறுத்தணும்னு கேளுங்க. கை இழுக்க ஆரம்பிச்சா அன்னைக்கு மூடி வச்சிடணும். அரக்குக்கு அவசரம் ஆகாது" என்றார். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் மொத்தமாகவே மூடி வைக்கச் சொன்னார். காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது பூசினால் மெருகு வெள்ளையாகப் பூத்துவிடும். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு அந்த இரண்டு மாதங்கள் கட்டாய விடுமுறை. நான் பொங்கல் வரை காத்திருந்தேன். தை பிறந்ததும் வெயில் ஏறிய பிறகு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும். பலா முதலில் மஞ்சளாக இருந்தது. நாளாக ஆகத் தேன் நிறத்துக்குத் திரும்பியது. தேக்குக் கழுத்தின் பின்தலையில் பழைய சன்னல் ஆணி இருந்த துளை ஒன்று கறுப்பாகத் தெரிந்தது. அடைக்கவா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சன்னலுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

முடிப்பதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பேத்திக்காக மரத்தில் ஒரு சிறு தேர் செய்யத் தொடங்கினார். வில்லியனூர்த் தேரைப் பார்த்துப் பார்த்து அளவெடுத்து வரைந்தார். சக்கரங்கள் நான்கும் உருண்டன. தட்டுகள் அடுக்கியாயிற்று. குதிரைகள் இரண்டு செதுக்கியாயிற்று. மேலே கும்பமும், நடுவில் தூண்களும், வர்ணமும் பாக்கி. "மெதுவாப் பார்த்துக்கலாம், என்ன அவசரம்?" என்பார். ஐந்து ஆண்டுகள் அப்படியே இருந்தது. அவர் காலமான பிறகு, வீட்டைக் காலி செய்த பிள்ளைகள் உளிகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். தேர் விறகோடு போயிற்று. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது தேர் இல்லை, சில மரத்துண்டுகள். கும்பம் ஏறியிருந்தால் அது தேர். "தாத்தா செய்த தேர்" என்று இன்று அந்தப் பேத்தியின் வரவேற்பறையில் நிற்கும். முடித்த பொருளுக்குத்தான் பெயர் உண்டு. முடிக்காததற்குப் பெயர் கிடையாது.

நாம் இருக்கும் வயதில் இது தத்துவம் அல்ல, கணக்கு. முப்பது வயதில் பாதியில் விட்டதை நாற்பதில் எடுக்கலாம். எழுபதில் பாதியில் விட்டதை யார் எடுப்பார்கள்?

எதிர்வாதங்களும் என்னிடம் வந்தன. நியாயமானவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பணம். எனக்கு ஆன செலவு ஒன்பதாயிரத்துச் சொச்சம், கடன் வாங்கிய கருவிகளின் வாடகை நீங்கலாக. அதே விலைக்குக் கடையில் பளபளவென்று ஒரு கிட்டார் கிடைக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாயிரத்தை முப்பத்தைந்து மாதங்களுக்குப் பங்கு போட்டால் மாதம் இருநூற்றைம்பது, இருநூற்று அறுபது ரூபாய். அந்த விலைக்கு எந்த மருந்துக் கடையிலும் இவ்வளவு நல்ல தூக்கம் விற்பதில்லை.

உடம்பு. இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தூள் நுரையீரலுக்கும் மூக்குக்கும் கெடுதல். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே அதைச் சேர்த்திருக்கிறது. ஆகவே முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் தேய்க்கக் கூடாது. வீட்டுக்குள் தேய்க்கவே கூடாது. ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்த சமயத்தில் மருத்துவர் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லும் வரை நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. என் வீட்டு அம்மாள், "என்னங்க, மாஸ்க் போட்டாச்சா?" என்று கேட்காமல் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டதில்லை. ஆனால் ஒன்று. ஆபத்து இருக்கிறது என்பதால் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மூன்றாவது வாதம் கொஞ்சம் நுட்பமானது. "இந்த வயதில் பற்றைக் குறைக்க வேண்டாமா? கோயில், குளம், ராம நாமம் என்று இருக்க வேண்டியவர் கிட்டாரும் கையுமாக இருக்கிறாரே" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவருக்கு நான் பணிவோடு சொன்னது இது: கோயில் தேரையும் யாரோ ஒருவர் இழைத்துத்தான் ஆக வேண்டும். ஒரு பலகையை மூன்று மணி நேரம் ஒரே நினைவோடு தேய்ப்பவனுக்கு, பக்கத்து வீட்டுச் சண்டையோ மருமகள் பேச்சோ காதில் விழாது. அதையும் ஒரு வகை ஜபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, தனி மனிதன் ஆசைப்பட்டால் போதுமா? போதாது. ஒண்டுக் குடித்தனத்திலும் அடுக்குமாடியிலும் இருக்கும் என் நண்பர்கள் பட்டறைக்கு எங்கே போவார்கள்? இங்கேதான் என் கோரிக்கை. நம் ஊரில் 1827-இலேயே பொது நூலகம் வந்துவிட்டது. இன்று ரோமன் ரோலான் பெயரில் நடக்கிறது. ஒருவர் வாங்க முடியாத புத்தகத்தை ஊரே சேர்ந்து வாங்கி, எல்லோரும் படிக்கலாம் என்ற எண்ணம் இருநூறு ஆண்டுகளாக நமக்குப் பழக்கம். அந்த நியாயம் புத்தகத்துக்கு மட்டும்தானா? டிரில்லிங் மெஷினுக்கும் பிடிப்பான்களுக்கும் பொருந்தாதா? ஆஸ்திரேலியாவில் 1990-களிலிருந்து முதியவர்களுக்கென்று ஊர்ப் பொதுப் பட்டறைகள் நடக்கின்றன. ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்கிறார்கள், பேசுகிறார்கள். தனிமையைப் போக்க அது நல்ல மருந்து என்று அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்குப் புதுக் கட்டடம்கூட வேண்டாம். தொழிற்பயிற்சிப் பட்டறைகள் மாலையில் பூட்டிக் கிடக்கும் நேரத்தில், வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் திறந்து விட்டால் போதும். மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்க வில்லியனூர் ஆசாரியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலைக்கும் ஒரு மதிப்பூதியம் கிடைக்கும். அவர்களிடம் படிக்க அவர்கள் பிள்ளைகளே இன்று தயாராக இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய துக்கம். இதற்கென்று ஒரு மனு தயாரித்து வைத்திருக்கிறேன். மனு எழுதுவதாவது எனக்குப் பழக்கப்பட்ட தொழில். கையெழுத்துப் போட முன்வருபவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

கிட்டார் எப்படிப் பேசுகிறது என்று கேட்பீர்கள். மூத்த பேத்தி கோடை விடுமுறையில் துலூஸிலிருந்து வந்திருந்தபோது வாசித்தாள். "தாத்தா, மூணாவது கம்பி கொஞ்சம் தூக்கலா இருக்கு. கடையில வாங்கினது மாதிரி இல்ல" என்றாள். "நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா?" என்றேன். "வேற மாதிரி" என்றாள். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக அனுமதி கேட்டாள். கொடுத்தனுப்பினேன். கடல் காற்றில் துருப்பிடிக்காமல் அங்கே கம்பிகளாவது பிழைக்கும்.

நம் வயதில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதிதாக எதையும் தொடங்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ, கட்டிலுக்கு அடியிலோ, பாதியில் விட்ட ஒன்று இருக்கும். பின்னி முடிக்காத ஸ்வெட்டர், பாதி எழுதிய குடும்ப வரலாறு, மூடி மாட்டாத ரேடியோ, ஏதோ ஒன்று. இந்த மழைக்காலம் முடிந்ததும் அதை இறக்கித் தூசி தட்டுங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். முடித்த பிறகு அடியில் உங்கள் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள்.